வீடா, பள்ளிக்கூடமா? – ஒரு குடும்பத்தின் வினா

நிலமும் வீடும் தோட்டமும் உறுதி எழுதிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கத்தக்கவை. கல்வியும் ஓரளவிற்குப் பணத்தாலும் முயற்சியாலும் தேடிக் கொடுக்கத்தக்கதே. ஆனால், பெற்றோர் தம் வாழ்வுக்கு ஆதாரமெனக் கொண்ட நம்பிக்கையையும் அதன்வழி வந்த விழுமியங்களையும் எந்த நொத்தாரிசும் எழுதிக் கொடுத்துவிட முடியாது. அவற்றைப் பிள்ளை தானாகவே ஏற்கவேண்டும், ஏற்காமலும் விடலாம். இந்த நிச்சயமின்மையே சமய நம்பிக்கையுள்ள பெற்றோரை எக்காலத்திலும் கலங்கச் செய்து வந்துள்ளது. பிள்ளை விழித்திருக்கும் நேரத்தின் பெரும்பகுதியைப் பாடசாலை எடுத்துக்கொள்ளும் இக்காலத்தில் அக்கலக்கம், 'பிள்ளையை யார் கையில் ஒப்படைப்பது?' என்னும் வினாவாக உருவெடுக்கின்றது.

இவ்வினா கடந்த சில மாதங்களாக எமது குடும்பத்தின் நடுவே வந்து அமர்ந்திருக்கின்றது. நாங்கள் யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதியைச் சேர்ந்த, பல தலைமுறைகளாகக் கிறிஸ்தவர்களாய் வாழ்ந்துவரும் குடும்பத்தினர். தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனத்தைச் சேர்ந்தவர்கள். எனது அக்கா திருமணஞ்செய்து கனடாவில், ரொறன்ரோ மாநகரின் ஸ்காபரோப் பகுதியில் வசிக்கின்றாள். அவளுடைய மூத்த மகளுக்கு, அதாவது என் பெறாமகளுக்கு, வரும் செப்டெம்பருக்குள் ஆறு வயது நிறைகின்றது. ஒன்ராறியோ மாகாணத்தில் கட்டாயக் கல்வி ஆறு வயதிலே தொடங்குவது. ஆகவே, செப்டெம்பருக்கு முன் ஒரு முடிவு வேண்டும். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதா, அன்றி வீட்டிலேயே வைத்துத் தானே கற்பிப்பதா என்பது அக்காவின் தடுமாற்றம். அம்மாவிடமும் அப்பாவிடமும் மட்டுமன்றி, பல்கலைக்கழகத்திற் படிக்கின்றேன் என்ற காரணத்தால் என்னிடமும் அவள் அபிப்பிராயம் கேட்டிருக்கின்றாள். அவளுக்கு மறுமொழி எழுதுமுன் என் மனத்தில் ஓடிய எண்ணங்களே இக்கட்டுரை.

முதலில் அக்காவின் முன்னுள்ள வழிகள் யாவை என்பதை நோக்குவோம். ஒன்று, அரசாங்கப் பொதுப் பாடசாலை. அங்கு கட்டணமில்லை, எந்தச் சமயத்தையும் நம்பிக்கையாகப் புகட்டுவதுமில்லை. இரண்டாவது, கத்தோலிக்கப் பாடசாலை. 1867ஆம் ஆண்டின் அரசியலமைப்புச் சட்டத்தினால் உறுதிசெய்யப்பட்ட உரிமையின்படி ஒன்ராறியோவில் கத்தோலிக்கப் பாடசாலைகள் அரச நிதியில் இயங்குகின்றன. ஆயினும் அவற்றின் ஆரம்பப் பிரிவில் பொதுவாகக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கே இடம் உண்டு. எமது திருச்சபையினருக்கு அவ்வுரிமை இல்லை. மூன்றாவது, ஏனைய கிறிஸ்தவ சபையினர் நடத்தும் தனியார் பாடசாலை. இவற்றிற்கும் யூதப் பாடசாலைகளுக்கும் அரச நிதி வேண்டுமெனத் தொடரப்பட்ட வழக்கில், நிதி வழங்க மாகாணம் கடமைப்படவில்லை எனக் கனடிய உயர் நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. ஆகவே, கட்டணம் முழுவதும் பெற்றோரின் தலைமேல் விழும். நான்காவது வழியே வீட்டுக் கல்வி. வீட்டில் அல்லது வேறிடத்தில் திருப்தியான போதனை பெறும் பிள்ளை பாடசாலைக்குச் செல்லவேண்டியதில்லை என்று ஒன்ராறியோவின் கல்விச் சட்டம் கூறுகின்றது. பெற்றோர் கல்விச் சபைக்கு ஆண்டுதோறும் எழுத்தில் அறிவித்தால் போதும் என்ற நடைமுறை 2002ஆம் ஆண்டு முதல் உள்ளது.

அக்காவை இந்நான்காவது வழியின்பாற் செலுத்தியது சிறியதொரு நிகழ்ச்சி. பாலர் வகுப்பிலிருந்து வந்த பிள்ளை ஒருநாள் இரவு ஜெபவேளையில், "அம்மா, நாங்கள் மாத்திரந்தானா இப்பிடிச் செய்யிறம்?" என்று கேட்டாளாம். வேறு எவரும் அவளுக்கு எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவளது வகுப்புத் தோழர் எவர் வீட்டிலும் குடும்ப ஜெபம் இல்லை என்பதை அவளாகவே அறிந்து கொண்டாள். அந்த வினா அக்காவைப் பல நாள் தூங்கவிடவில்லை. இதனுடன், 2015ஆம் ஆண்டில் ஒன்ராறியோவின் புதிய உடல்நலப் பாடத்திட்டத்திலுள்ள பாலியற் கல்விப் பகுதியை எதிர்த்துப் பல சமயங்களையும் சேர்ந்த பெற்றோர் பிள்ளைகளைப் பாடசாலைகளிலிருந்து மறித்து வைத்த செய்திகளையும் அவள் தன் சபையினரிடம் கேட்டிருக்கின்றாள். அச்சபையில் இரண்டு குடும்பங்கள் வீட்டிலேயே பிள்ளைகளுக்குக் கற்பிக்கின்றனவாம்.

அம்மா இதனைக் கேட்டவுடனேயே அக்காவின் பக்கம் சாய்ந்துவிட்டார். "பள்ளிக்கூடத்திலை ஆர் என்ன சொல்லிக் குடுக்கினம் எண்டு எங்களுக்குத் தெரியுமே? ஆறு வயதுப் பிள்ளை பாவம், அதுக்கு எது சரி எது பிழை எண்டு பகுக்கத் தெரியுமே?" என்பது அவருடைய வாதம். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அரசாங்கப் பாடசாலைகளிற் கணிதம் கற்பித்து ஓய்வுபெற்ற அப்பாவின் கருத்து வேறு. "வீட்டுக்குள்ளை பொத்திப் பொத்தி வைச்ச விசுவாசம் வெளியிலை வந்தவுடனை தடிமன் பிடிச்சுப் போடும்" என்றார் அவர். இருவரும் ஒரே வேதாகமத்தை ஒரே மேசையில் வைத்து வாசிப்பவர்கள். ஒரே மகளை நேசிப்பவர்கள். ஆகவே, இங்கு கருத்து வேற்றுமை நம்பிக்கையைப் பற்றியதன்று. நம்பிக்கை எவ்வாறு ஒருவரிடமிருந்து மற்றவருக்குச் செல்கின்றது என்பதைப் பற்றியதே.

வீட்டுக் கல்வி என்பது இன்று பெரும்பாலும் கிறிஸ்தவப் பெற்றோருடன் சேர்த்துப் பேசப்பட்டாலும், அதன் நவீன வரலாறு ஐக்கிய அமெரிக்காவில் வேறுவிதமாகவே தொடங்கிற்று. ஜோன் ஹோல்ற் என்ற ஆசிரியர் 1970களில், பிள்ளையின் இயல்பான அறிவார்வத்தைப் பாடசாலை மழுங்கடிக்கின்றது என்ற காரணத்தினாலேயே அதனை ஆதரித்தார். அவருடைய நோக்கிற் சமயத்திற்கு இடமிருக்கவில்லை. அதே காலத்தில் ரேமண்ட் மூர், டொரதி மூர் என்ற தம்பதியர், இளம் வயதிலே பிள்ளையை வகுப்பறைக்கு அனுப்புவது தீங்கு என வாதிட்டனர். இவர்கள் கிறிஸ்தவர்கள். பாடசாலை நடத்தும் ஜெபம் அரசியலமைப்பிற்கு முரணானது என அமெரிக்க உயர் நீதிமன்றம் 1962இலும், பாடசாலைகளில் வழிபாடாக வேதாகமம் வாசிப்பது அவ்வாறே முரணானது என 1963இலும் தீர்ப்பளித்தமை, பொதுப் பாடசாலை தம்முடையதன்று என்ற எண்ணத்தைப் பல கிறிஸ்தவப் பெற்றோரிடம் ஏற்படுத்தியிருந்தது. இப்பின்னணியில் 1980களில் அவர்கள் பெருந்தொகையாக வீட்டுக் கல்வியின்பாற் சென்றனர். 1993 அளவில் அமெரிக்காவின் ஐம்பது மாநிலங்களிலும் அது சட்டபூர்வமாயிற்று.

இரண்டு வழக்குகள் இவ்விடயத்தில் என் சிந்தனையைத் தூண்டின. ஒன்று 1972இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்த்த வழக்கு. விஸ்கொன்சின் மாநிலத்து ஆமிஷ் கிறிஸ்தவர்கள் எட்டாம் வகுப்பிற்கு மேல் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்ப மறுத்தனர். உலகியல் போட்டி நிறைந்த உயர்பாடசாலை தமது எளிய கூட்டு வாழ்வைச் சிதைக்கும் என்பது அவர்களது அச்சம். நீதிமன்றம் பெற்றோரின் பக்கமே தீர்ப்பளித்தது. ஆயினும் நீதியரசர் டக்ளஸ், தீர்ப்பின் ஒரு பகுதியோடு உடன்படாது, இங்கு பெற்றோரின் உரிமை பேசப்படுகின்றதே, அப்பிள்ளைகளின் விருப்பம் யாது என்று எவரேனும் கேட்டனரா என்ற கருத்தை முன்வைத்தார். மற்றது ஜேர்மனி பற்றியது. அங்கு வீட்டுக் கல்விக்குப் பொதுவாக அனுமதியில்லை. தம் பிள்ளைகளை வீட்டில் வைத்துக் கற்பிக்க விரும்பிய கிறிஸ்தவப் பெற்றோர் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்திடம் சென்றபோது, 2006இல் அவர்களது முறைப்பாடு ஏற்கப்படவில்லை. வேறுபட்ட நம்பிக்கையுடையோர் ஒருவரோடொருவர் கலவாது தனித்தனிச் சமூகங்களாகப் பிரிந்து போவதைத் தவிர்ப்பதில் நாட்டிற்கு அக்கறை உண்டு என்பது ஜேர்மனிய நீதிமன்றங்கள் காட்டிய நியாயங்களுள் ஒன்று.

ஒரே வினாவிற்கு இரு நாடுகள் இரு வேறு விடைகளைக் கூறுகின்றன. ஒன்று பெற்றோரை நம்புகின்றது; மற்றது பொதுப் பாடசாலையை நம்புகின்றது. டக்ளஸ் நினைவூட்டிய மூன்றாவது தரப்பு இரண்டிலும் பின்வாங்கிலேயே அமர்ந்திருக்கின்றது. 1948ஆம் ஆண்டின் மனித உரிமைகள் பிரகடனம் பிள்ளையின் கல்வி வகையைத் தெரிவுசெய்யும் முதலுரிமையைப் பெற்றோருக்கு வழங்கியது. 1989ஆம் ஆண்டின் சிறுவர் உரிமைகள் சமவாயமோ பிள்ளைக்கும் சிந்தனை, மனச்சாட்சி, சமயச் சுதந்திரம் உண்டெனக் கூறி, பிள்ளையின் வளர்ச்சிக்கேற்ப வழிகாட்டுவதே பெற்றோரின் உரிமையும் கடமையும் என வரையறுக்கின்றது. நாற்பதாண்டுகளில் ஏற்பட்ட இம்மாற்றம் மனங்கொள்ளத்தக்கது.

இவற்றையெல்லாம் விடுதியறையில் ஒரு மாலைப்பொழுதில் என் அறைத்தோழிக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் வண்ணார்பண்ணையைச் சேர்ந்த சைவக் குடும்பத்தினள். பொறுமையாகக் கேட்டபின் சிரித்துக்கொண்டே, "உங்கட அக்கா இப்ப பயப்பிடுறதைத்தானே எங்கட ஆக்கள் இருநூறு வருசத்துக்கு முந்திப் பயந்தவை" என்றாள். விளையாட்டாகச் சொல்லப்பட்ட அவ்வார்த்தை இவ்விடயத்தை நான் நோக்கிய கோணத்தையே மாற்றிவிட்டது.

அவள் கூறியது வரலாற்று உண்மை. அமெரிக்க மிஷனரிமார் 1816இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தபோது முதலில் கிராமப் பாடசாலைகளையே தொடங்கினர். பகலிற் பள்ளியிற் கேட்டதை மாலையில் வீடு அழித்துவிடுகின்றது என்பது அவர்களது மனக்குறை. பிள்ளையை வீட்டின் செல்வாக்கிலிருந்து பிரித்தெடுத்தாலன்றி அவனது உள்ளத்தை மாற்றுதல் அரிது எனக் கருதியே அவர்கள் விடுதிப்பாடசாலைகளை நிறுவினர். வட்டுக்கோட்டைச் செமினரி 1823இலும், உடுவில் பெண்கள் விடுதிப்பாடசாலை 1824இலும் தோன்றின. விடுதியிற் சேர்ந்த பிள்ளைகள் பலருக்கு அவர்களது செலவைப் பொறுப்பேற்ற அமெரிக்கக் கொடையாளரின் பெயர்களே சூட்டப்பட்டன. இதே மிஷனரிமார் தம் சொந்தப் பிள்ளைகள் விடயத்திற் செய்தது இன்னும் சிந்தனைக்குரியது. யாழ்ப்பாணச் சூழல் தம் பிள்ளைகளின் ஒழுக்கத்தைப் பாதிக்கும் என அஞ்சி, அவர்களிற் பலர் தம் சிறுவரைக் கப்பலேற்றி அமெரிக்காவிலுள்ள உறவினரிடம் அனுப்பினர். மீண்டும் காண்போமா என்பது தெரியாமலே தாய்மார் விடைகொடுத்தனர். விழுமியத்தின் பொருட்டுத் தமிழ்ப் பிள்ளைகளைத் தாய்மாரிடமிருந்து பிரித்தவர்கள், அதே விழுமியத்தின் பொருட்டுத் தம் பிள்ளைகளையும் தம்மிடமிருந்து பிரித்துக்கொண்டனர் என்பதை எண்ணும்போது அவர்களை எளிதில் ஏசவும் முடியவில்லை. முற்றாக மெச்சவும் முடியவில்லை.

எமது குடும்பத்திற் கிறிஸ்தவம் நுழைந்ததும் இவ்வழியிலேயே. என் அப்பம்மாவின் பூட்டி ஒரு மிஷன் விடுதிப்பாடசாலையிற் சிறுமியாகச் சேர்க்கப்பட்டவர். வறுமை காரணமாகத் தகப்பன் சேர்த்துவிட்டாராம். தாய்க்கு அதில் விருப்பமில்லை. சில ஆண்டுகளின் பின் சிறுமி ஞானஸ்நானம் பெற்றுக் கிறிஸ்தவளானாள். அதன்பின் அந்தத் தாய் மகளுடைய கையால் ஒருவாய் தண்ணீரும் குடிக்கவில்லை என்பதும், ஆனால் மகளுக்கு முதற் பிள்ளை பிறந்தபோது வேலிக்கு வெளியே வந்து நெடுநேரம் நின்றுவிட்டுப் போனார் என்பதும் எமது வீட்டில் வழிவழியாகச் சொல்லப்பட்டுவரும் கதை. மகள் பெற்ற நம்பிக்கைக்காக நாங்கள் ஒவ்வோர் ஆண்டும் குடும்ப ஸ்தோத்திர ஆராதனையிற் கடவுளுக்கு நன்றி கூறுகின்றோம். வேலிக்கு வெளியே நின்ற தாயைப் பற்றி அவ்வாராதனையில் எவரும் பேசியதாக எனக்கு நினைவில்லை.

ஆகவே, பள்ளிக்கூடம் ஒரு பிள்ளையின் நம்பிக்கையை மாற்றவல்லது என்பதற்கு எமது குடும்பமே சான்று. அம்மாவின் அச்சத்தை அறியாமை என்று ஒதுக்கிவிட எங்களில் எவருக்கும் உரிமையில்லை. ஆயினும் அதே வரலாறு வேறொரு சான்றையும் எம்முன் வைக்கின்றது. நல்லூர் ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் கற்றவர். அங்கேயே ஆசிரியராகவும் இருந்தவர். பேர்சிவல் பாதிரியாருக்கு வேதாகமத் தமிழ்மொழிபெயர்ப்பிற் பல ஆண்டுகள் துணைநின்றவர். வேதாகமத்தை அவரளவு நுணுகிக் கற்ற தமிழ்க் கிறிஸ்தவர் அக்காலத்திற் சிலரே இருந்திருப்பர். எனினும் அவர் சைவராகவே வெளியே வந்தார். வந்து 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். ஒரே வகையான பாடசாலை ஒருவரை மதம் மாற்றிற்று. மற்றவரைத் தம் மதத்திற் பலப்படுத்திற்று. தனது நூல்களையும் பிறரது நூலையும் ஆழமாக அறிந்தவரிடம் பிறர் வகுப்பறை தோற்றுப்போனது எனலாம். எமது குடும்பத்துச் சிறுமியோ ஏழு வயதில், எதனையும் அறியுமுன், வீட்டிலிருந்து பிரிந்தவள். வயதும் அறிவும் இவ்வளவு வேறுபாட்டை விளைவிப்பன.

நாவலர் காட்டிய மறுமொழியும் கவனத்திற்குரியது. மிஷன் பாடசாலைக்கு அஞ்சிப் பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்திருங்கள் என்று அவர் சைவப் பெற்றோருக்குக் கூறவில்லை. பாலபாடங்களையும் சைவ வினாவிடையையும் எழுதி அச்சிட்டார். மிஷனரிமாரின் வினாவிடை முறையையும் வகுப்பு முறையையும் தமதாக்கிக்கொண்டு பாடசாலை அமைத்தார். வீட்டால் மட்டும் தாங்கமுடியாத சுமையைச் சமூகம் ஒன்றுகூடித் தாங்கவேண்டும் என்பதே அவர் செயலின் பொருள். 1923இல் தோன்றிய சைவ வித்தியா விருத்திச் சங்கம் அதே பாதையிற் பல பாடசாலைகளை நடத்திற்று.

பின்னர் இந்நாடு மூன்றாவதொரு வழியைக் கண்டது. 1960ஆம், 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளை அரசாங்கம் கையேற்றது. கத்தோலிக்கப் பெற்றோர் பல இடங்களிற் பாடசாலைகளுக்குள்ளேயே இரவுபகலாகத் தங்கியிருந்து அதனை எதிர்த்தனர். எமது அப்பம்மா படிப்பித்த மிஷன் பாடசாலையும் அரசாங்கத்தின் கைக்கு மாறிற்று. 'இனி எங்கட பிள்ளையளுக்கு வேதம் ஆர் சொல்லிக் குடுப்பினம்' என்று அன்று ஊரிலே பலர் கலங்கியதாக அவர் கூறுவார். நடந்தது யாதெனில், ஒரே பாடசாலையில் ஒவ்வொரு பிள்ளைக்கும் அவரவர் சமயத்தைக் கற்பிக்கும் முறை நிலைபெற்றமையே. சமயம் இன்றும் க.பொ.த. சாதாரண தரத்திற் கட்டாய பாடம். அமெரிக்கப் பொதுப் பாடசாலையோ ஒன்ராறியோப் பொதுப் பாடசாலையோ இவ்வழியை அறியாது. இம்முறையிற் குறைகள் பல உண்டு. சிறுபான்மைச் சமயத்துப் பிள்ளைக்கு ஆசிரியர் கிடையாமை அவற்றுள் ஒன்று. சமயம் பரீட்சைக்குரிய மனனப் பாடமாகிவிட்டமை மற்றொன்று.

நான் படித்ததும் அவ்வாறான ஓர் அரசாங்கப் பாடசாலையிலேயே. எமது வகுப்பில் முப்பத்தெட்டுப் பேர். அவர்களுட் கிறிஸ்தவர் ஐவர். சமயபாட வேளை வந்ததும் சைவப் பிள்ளைகள் வகுப்பிலிருக்க நாங்கள் ஐவரும் புத்தகங்களுடன் வேப்பமரத்தின்கீழ்ச் சென்று அமர்வோம். நவராத்திரிக் காலத்தில் வாணி விழாவிற்குப் பாடசாலை முழுவதும் ஆயத்தமாகும்போது என்ன செய்வது என்று அப்பாவிடம் கேட்டேன். "கூட்டு, கழுவு, மாலை கட்டு, அவல் குழை, சிநேகிதருக்குச் செய்யிற உதவி அது. கும்பிடுறது உன்ரை மனத்துக்கும் ஆண்டவருக்கும் நடுவிலை இருக்கிற விசயம்" என்றார். பத்து வயதில் அவ்விரண்டையும் வேறுபடுத்தி நடக்க நான் கற்றுக்கொண்டேன். தோழியர், "நீங்கள் ஏன் திருநீறு பூசுறேல்லை?" என்று கேட்கும்போது மறுமொழி சொல்லவேண்டியிருந்தது. மறுமொழி தெரியாதபோது வீட்டிற்கு வந்து கேட்கவேண்டியிருந்தது. ஓய்வுநாட் பாடசாலையில் மனனஞ்செய்த வசனங்களைவிட இவ்வினாக்களுக்குத் தேடிய விடைகளே என் நம்பிக்கையை என்னுடையதாக்கின என்று இன்று கருதுகின்றேன்.

இவ்வனுபவத்தைக் கொண்டு, 'பொதுப் பாடசாலைக்கே அனுப்புங்கள்' என்று அக்காவிற்கு எழுதிவிடுதல் எளிது. ஆனால், என்னுடைய பாடசாலைக்கும் வீட்டிற்கும் இடையில் இருந்தது அரை மைல் ஒழுங்கை. அவ்வொழுங்கையில் ஆலய மணி கேட்கும். கோயில் மணியும் கேட்கும். சமயபாட ஆசிரியை ஞாயிறுதோறும் ஆராதனையில் எங்களுக்கு முன்வாங்கில் அமர்ந்திருப்பார். மாலை ஆறரை மணிக்கு அப்பம்மா விளக்கேற்றிக் கீர்த்தனை பாடத் தொடங்குவார். அம்மா குசினியிலிருந்து சேர்ந்து பாடுவார். என்னைச் சூழ ஒரு சமூகமே நின்றது. அதன் நடுவிலேதான் பொதுப் பாடசாலை எனக்கு நன்மையாயிற்று. ஸ்காபரோவில் பதினோராம் மாடியில் வசிக்கும் என் பெறாமகளுக்கு அவ்வொழுங்கை இல்லை. அத்தானுக்குப் பகல் வேலை. அக்காவிற்கு ஒரு முதியோர் இல்லத்தில் மாலை வேலை. பிள்ளை பாடசாலையால் வரும்போது அக்கா புறப்பட்டுவிடுவாள். இருவரையும் ஒன்றாக அவள் காண்பது ஞாயிற்றுக்கிழமையில் மாத்திரமே.

அக்கா அனுப்பிய செய்திகளைத் திரும்ப வாசித்தபோது ஒன்று புலனாயிற்று. அவள் பாடசாலையிற் கற்பிக்கப்படுபவற்றைப் பற்றி எழுதியதிலும் பார்க்க, பிள்ளையுடன் இருக்க நேரம் கிடையாமையைப் பற்றியே அதிகம் எழுதியிருந்தாள். பாடசாலை தன் மகளிடமிருந்து எதையோ பறிக்கின்றது என அவள் அஞ்சுவது உண்மை. ஆனால், பறிக்கப்படுவதற்கு முன் அதனைக் கொடுக்கும் நேரமே அவளுக்கு வாய்க்கவில்லை என்பது அதனினும் பெரிய உண்மை.

வீட்டுக் கல்வியைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் கூறாது விடும் ஒன்றையும் இங்கு கூறவேண்டும். வீட்டிற் கற்பித்தல் என்னும்போது கற்பிப்பவர் யார்? பெரும்பாலும் தாயே. அக்கா வேலையை விட்டால் அத்தானின் ஒற்றைச் சம்பளத்திலிருந்து வீட்டு வாடகையும் செலுத்தி, இங்கு அம்மாவின் மருந்துச் செலவிற்கும் என் படிப்புச் செலவிற்கும் அனுப்பவேண்டும். எனவே, இவ்விடயத்தில் நான் நடுநிலையாளர் என்று உரிமை கொண்டாட முடியாது. நான் கூறும் ஆலோசனையில் என் நலனும் கலந்திருக்கக்கூடும் என்பதை அவளுக்கு முதல் வரியிலேயே எழுதினேன். நான் உதவிப்பணம் இன்றியும் சமாளிக்கலாம் என்பதையும் எழுதினேன். அதன்பின்னரே என் கருத்தைக் கூற எனக்கு மனம் வந்தது.

நான் எழுதியவற்றின் சுருக்கம் இது. முதலாவது, வீட்டிலே கற்பிப்பதாயின் பிள்ளை எவருடன் விளையாடுவாள், வேற்று நம்பிக்கையுடைய எவரைச் சிநேகிதராகக் கொள்வாள் என்பதை முதலில் எண்ணுங்கள். தம்மைப் போன்றோரை மட்டுமே கண்டு வளர்ந்த பிள்ளை, அயலாரை நேசி என்ற கட்டளையைப் பாடமாகக் கற்கும். பழக அதற்கு ஆள் இராது. இரண்டாவது, அவள் கேட்ட வினாவிற்கு மறுமொழி கூறுங்கள். 'ஓம், உன் வகுப்பிலே நாங்கள் மாத்திரந்தான். ஏன் செய்கின்றோம் என்றால் இதற்காகத்தான்' என்று கூறப் பெற்றோருக்கு இயலுமாயின் அப்பிள்ளை எப்பாடசாலைக்கும் செல்லலாம். இயலாதாயின் வீட்டுக் கல்வியும் அவளைக் காப்பாற்றாது. மூன்றாவது, வேலையை முற்றாக விடுமுன் மாலை வேலையைப் பகல் வேலையாக மாற்றமுடியுமா என்று கேட்டுப் பாருங்கள். சம்பளம் சிறிது குறையினும், பிள்ளை வீடு திரும்பும் நேரத்தில் தாய் வீட்டிலிருப்பது ஒரு பாடத்திட்டத்திற்கு நிகரானது. நான்காவது, எதைத் தெரிவுசெய்யினும் அதனை ஓராண்டிற்கே தெரிவுசெய்யுங்கள். பிள்ளை வளரும், அவளிடமும் கேட்கவேண்டிய காலம் வரும்.

அம்மாவிற்கு என் மறுமொழி திருப்தியளிக்கவில்லை. சிறுபிள்ளைக்கு வேலி வேண்டாமா, வேலியில்லாத பயிரை மாடு மேயாதா என்று கேட்டார். வேலி வேண்டியதே. இளம் பயிருக்கு வேலி அமைப்பவர்களைப் பழிக்க நான் விரும்பவில்லை. தம் உழைப்பையும் உத்தியோகத்தையும் துறந்து வீட்டிலே கற்பிக்கும் பெற்றோரின் தியாகம் சாதாரணமானதன்று. ஆனால், எமது குடும்பத்தின் கதையில் ஒரு வேலி இருக்கின்றது. அதன் உட்புறத்தில் எம்முடைய நம்பிக்கை வளர்ந்தது. வெளிப்புறத்தில் ஒரு தாய் நின்றாள். அவள் எழுத்தறியாதவள். தன் பிள்ளைக்குத் தன் வழியைக் கையளிக்க முடியாமற்போன துயரத்தை அவள் எங்கும் எழுதிவைக்கவில்லை. இன்று அத்துயரத்தின் நிழல் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்திருக்கும்போதுதான் அவளை நாங்கள் சிறிதேனும் விளங்கிக்கொள்ளத் தொடங்கியிருக்கின்றோம்.

செப்டெம்பர் வருமுன் அக்காவும் அத்தானும் தம் முடிவைச் செய்வர், அது அவர்களுக்குரியது. என் பெறாமகள் எம்முடைய நம்பிக்கையிலே வளரவேண்டும் என்பது என் ஜெபம். அந்நம்பிக்கையைத் தன் வகுப்பிலுள்ள வேறொரு பிள்ளையின் தாயை வேலிக்கு வெளியே நிறுத்தாத விதத்தில் அவள் கற்றுக்கொள்ளவேண்டும் என்பதும் அதே ஜெபத்தின் பகுதியே. பிள்ளைக்கு இவ்விரண்டையும் ஒருங்கே கற்பிக்கும் இடம் எதுவோ, அது வீடாயினும் பள்ளிக்கூடமாயினும், அதுவே நல்ல இடம் என்பது எனது துணிபு.